ஆடும் மேஜை

1911-ஆம் ஆண்டு முழுவதும் ஒரு தத்துவப் பேராசிரியர், தன் மேஜை மெய்யாகவே இருக்கிறதா என்று ஆராய்ந்து எழுதிக்கொண்டிருந்தார். மேஜைக்கோ ஜனவரியிலிருந்தே ஒரு காலின் அடி தேய்ந்து ஆட்டம். என்றைக்கு முறியுமோ என்று பயம்.

“என் மேலயே முழங்கைய ஊனிக்கிட்டு, நான் இருக்கேனான்னு கேக்கறார் அண்ணே. நானூத்திப் பன்னண்டு பக்கம் ஆச்சு. ஒருநாள் குனிஞ்சு பார்த்தாரா?” என்று நாற்காலியிடம் புலம்பியது.

“உனக்காவது பரவாயில்ல தம்பி. என்மேல அவருக்குச் சந்தேகம்கூட வரல,” என்றது நாற்காலி.

டிசம்பர் கடைசியில், “ஆகவே மேஜை இல்லை” என்று எழுதி அழுத்தமாகப் புள்ளி வைத்தார். மேஜை ஆடியது, மைக்கூடு கவிழப் பார்த்தது. பேராசிரியர் முதன்முறையாகக் குனிந்தார். கையிலிருந்த கடைசிப் பக்கத்தையே நான்காக மடித்து, தேய்ந்த காலுக்கு அடியில் செருகினார்.

“இப்பவாவது நம்பினாரா?” என்றது நாற்காலி.

“எங்க, அந்தப் பக்கத்தத் திரும்ப எழுத உக்காந்துட்டாரே,” என்றது மேஜை, ஆடாமல்.