ஏரிக்கரை கேரவன்

போனுக்குள் ஒரு ஏரி பளபளத்தது. இங்கே ஒத்தக்கடையில் சாயங்காலம் ஆறு மணியாகியும் அனல் அடங்கவில்லை. அங்கே இங்கிலாந்தில் மதிய நேரம், பத்ரி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மடக்கு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

“இன்னும் எம்புட்டு நாளைக்குப்பா லீவு?” என்று மகனிடம் கேட்டார் ஜெயராம்.

“இருப்போம்ப்பா. இங்க இப்பத்தான் வெயில் காலமே ஆரம்பிக்குது. ஒரு அவசரமும் இல்ல.”

அவனுக்குப் பின்னால் வெள்ளைக் கேரவன் நின்றது. சினிமாக்காரர்கள் ஷூட்டிங்கில் வைத்திருப்பார்களே, அதில் பாதி இருக்கும். இரண்டு வாரமாகப் பத்ரி, மனைவி மைத்ரேயி, மகள் ஸ்ரீஜா மூன்று பேருக்கும் ஏரிக்கரையில் அதிலேயே ஜாகை. மீன் பிடிப்பதும் மரத்தடியில் தூங்குவதுமாகப் பொழுது போகிறதாம். கொடுத்து வைத்தவர்கள் என்று நினைத்துக்கொண்டார், ஜெயராமின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சேக் இஸ்மாயில்.

பக்கத்து வீட்டுக்காரரான இஸ்மாயில், நூல், பட்டன் விற்கும் தன் கடையைச் சாத்தியதும் நேரே இங்கே வந்துவிடுவார். மனைவி பக்ருன்னிசா மகளின் பிரசவத்துக்காகத் துபாய் போய் ஐந்து மாதம் ஆகிறது. வீட்டுக்குப் போனால் சுவரோடுதான் பேச வேண்டும்.

ஜெயராமின் பாடு அதைவிட மோசம். அவர் மனைவி பட்டு தவறிப் பதினோரு மாதம். மாடியும் கீழுமாக நாலு அறை உள்ள வீட்டில் மனிதர் ஒற்றை ஆளுக்குச் சோறு வடிக்கிறார். மனுசக் குரல் கேட்கட்டுமே என்று பார்க்காத டிவியைச் சத்தமாக வைக்கிறார். பத்ரியின் இந்தப் போனுக்காகத்தான் அவருக்குப் பொழுதே விடிகிறது.

“தாத்தா, உள்ள பாக்குறீங்களா?” ஸ்ரீஜா போனைப் பிடுங்கிக்கொண்டு கேரவனுக்குள் ஓடினாள். குட்டியாக ஒரு கட்டில் தெரிந்தது, ஒரு அடுப்பு தெரிந்தது. ஜன்னலை ஒட்டிப் பட்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பொட்டு வைத்து, மாலை போட்டு மாட்டிய படம். அதற்குக் கீழே சின்ன விளக்கு எரிந்தது.

படம் மாட்டி விளக்கேற்றுகிற பழக்கம் இஸ்மாயிலின் வீட்டில் கிடையாது. ஆனாலும் போனுக்கு இன்னும் கிட்டத்தில் குனிந்து பார்த்தார். “பாத்தீங்களாண்ணே, அம்மாவையும் கூடவே கூட்டிட்டுப் போயிருக்கான். தங்கமான புள்ள” என்று ஜெயராமின் காதோரம் சொன்னார்.

ஜெயராம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, “போன அப்பாட்ட குடு கண்ணு” என்றார். அப்புறம் இருமினார்.

அது சாதாரண இருமலாக இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். இஸ்மாயில் வெலவெலத்துப் போனார். காலையில்தான் யானைமலை அடிவாரம் வரைக்கும் விறுவிறுவென்று நடந்து, பின்தங்கி வந்த இவரை, ‘என்ன பாய், இதுக்கே மூச்சு வாங்குது’ என்று கேலி செய்த மனிதர் அவர்.

“என்னப்பா பண்ணுது?” பத்ரி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“ஒங்கிட்ட சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். முடியலடா. மாடிப்படி ஏற முடியல. போன வாரம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன். தனியா இருக்கப் பயமா இருக்கு. எல்லாத்தையும் போட்டுட்டு இங்க வந்துருங்கப்பா.”

விழுந்தாரா, எப்போது? பச்சைப் பொய்! இஸ்மாயில் வாயைத் திறக்கப் போனார். ஜெயராம் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“வேலைய விட்டுட்டா வரச் சொல்றீங்க?” பத்ரியின் குரல் இறங்கியிருந்தது.

“ஆமாடா. அப்பன விட வேல பெருசா? பாப்பாவுக்கு இங்க இல்லாத ஸ்கூலா? நான் இருக்கப் போறது கொஞ்ச நாளு. வந்துருங்க.” சின்னப் பிள்ளை மாதிரி கெஞ்சினார் ஜெயராம்.

பத்ரி ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். மைத்ரேயிதான் போனை வாங்கினாள். அவள் கண் கலங்கியிருந்தது. “பயப்படாதீங்க மாமா. கிளம்பிருவோம்.”

“உங்களுக்காக வாரோம்ப்பா” என்றான் பத்ரி, முகத்தைக் காட்டாமல்.

போன் அணைந்ததுதான் தாமதம், இஸ்மாயில் பிடித்துக்கொண்டார்.

“நல்லாருக்காண்ணே இது? அக்கடான்னு பொண்டாட்டி புள்ளையோட ஏரிக்கரையில இருக்கவன எதுக்குப் பொய் சொல்லி இழுக்குறீங்க? நானுந்தான் ஒத்தையில கெடக்கேன். ஒரு நாளாச்சும் அவள வான்னு கூப்பிட்டிருப்பேனா? நமக்குப் பொழுது போகலங்கிறதுக்காகப் புள்ள பொழப்பக் கெடுக்குறதா?”

ஜெயராமுக்குக் கோபம் வரவில்லை. இருமலும் நின்றுவிட்டிருந்தது. பூட்டியே கிடந்த மாடி அறையின் சாவியை அலமாரியில் தேடி எடுத்தார்.

“எங்க சாதி சனத்துல செத்தவங்க படத்த டூருக்குத் தூக்கிட்டுப் போக மாட்டோம் பாய். குடியிருக்க எடத்துலதான் மாட்டி வெளக்கேத்துவோம்.”

இஸ்மாயிலுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. “அப்ப… லீவுன்னு சொன்னதெல்லாம்?”

“வேலையும் இல்ல, வீடும் இல்ல போல. இம்புட்டு நாளா அது தெரியாம நானும் ஏரி நல்லாருக்கு, மீன் நல்லாருக்குன்னு சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.” ஜெயராம் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அத அவன்கிட்டயே கேட்டிருக்கலாமேண்ணே. எதுக்கு உங்களுக்கு இல்லாத சீக்கு?”

மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறிய ஜெயராம் பாதியில் நின்று திரும்பினார்.

“எனக்கு முடியலன்னாத்தான் பாய், அவன் தலை நிமிந்து வருவான்.”