நாற்பத்திரண்டு சீட்டுகள்

நேற்று வந்த இந்த சாருலதாவிடம் அப்படி என்னதான் இருக்கிறது? என்னிடம் பத்தாம் வகுப்பு ஏ பிரிவு, அவளிடம் பி பிரிவு. இரண்டு பேரும் ஒரே ஆங்கிலப் புத்தகத்தைத்தான் நடத்துகிறோம். ஆனால் காவ்யஸ்ரீயின் வாயில் எப்போது பார்த்தாலும் ‘சாரு மிஸ், சாரு மிஸ்’தான்.

இப்படி நினைத்துக்கொண்டே ஹம்சவேணி அறைக்குள் வந்ததும் தலைமையாசிரியை நிமிர்ந்தார்.

“நீங்க கேட்டபடி காவ்யஸ்ரீய உங்க பிரிவுக்கே மாத்திரலாம் டீச்சர்.”

“பப்ளிக் எக்ஸாம் வருசம் மேடம். அந்த சாருலதா கிராமரே நடத்துறதில்ல. எந்நேரமும் பேச்சும் சிரிப்பும்தான்.”

“அப்படியா சொல்றீக? ‘என் வகுப்புல என்ன எதிர்பாக்குறீங்க’ன்னு அவ பிள்ளைககிட்ட மொத நாளே சீட்டு எழுதி வாங்கி, அத வச்சுத்தான் வருசத் திட்டமே போட்டிருக்கா. இந்தா, அவ நோட்டு, பாருங்க.”

என்ன ஒரு நாடகம் என்று நினைத்தபடியே ஹம்சவேணி நோட்டைப் புரட்டினாள். ஒட்டியிருந்த நாற்பத்திரண்டு சீட்டுகளில் காவ்யஸ்ரீயின் குண்டு எழுத்தை உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

‘தப்பா பேசினாலும் முழுசா பேசி முடிக்க விடுங்க மிஸ். வீட்டுல பாதியிலேயே திருத்துறாங்க. அதனால அங்க நான் இங்கிலீஷே பேசுறதில்ல.’

அதை இரண்டாவது முறையும் படித்தாள்.

தலைமையாசிரியை விண்ணப்பத்தை நீட்டினார். “பெற்றோர்னு போட்டிருக்குல்ல, அதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. மகளுக்காக இம்புட்டு அலைஞ்சீங்களே!”

ஹம்சவேணி பேனாவைத் திறந்தாள். பி பிரிவிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பேனாவை மூடினாள்.

“வேண்டாம் மேடம். அவ அங்கயே இருக்கட்டும்.”