செவ்வாய்க்கிழமை வருகை

"பாய், அந்தம்மா இன்னிக்கும் வந்துட்டாங்க!" வாசலிலிருந்தே கூவினார் ராஜாமணி.

அப்துல் சுபான் சால்வையை உதறிவிட்டு எழுந்தார். போன செவ்வாய்க்குப் பிறகு அந்தப் பழம்பொருள் காட்சிசாலைக்குள் ஈ, காக்காய்கூட நுழையவில்லை.

தருமபுரிச் சாலையோரம் பஞ்சாயத்து கொடுத்திருந்த பழைய சத்திரத்தில் இரண்டு வருடம் முன்பு அதைத் தொடங்கியவர்கள் இவர்கள்தான். சுபான் கடிகாரம் பழுது பார்ப்பவர். ராஜாமணி பள்ளிக்கூட வாத்தியார். காடுமேடெல்லாம் அலைந்து, கேட்பாரற்றுக் கிடந்த நடுகற்கள், முதுமக்கள் தாழி, துருப்பிடித்த வாள் என்று மாட்டுவண்டியில் ஏற்றி வந்து சேர்த்திருந்தார்கள். சம்பளம் கிடையாது. முறை வைத்துக் காவல் இருந்தார்கள்.

1972 மார்கழி அவர்களை ஒரு வழியாக்கிவிட்டது. ஓடு ஒழுகியது. குளிருக்குப் பயந்து எந்தப் பள்ளிக்கூடமும் பிள்ளைகளை அனுப்பவில்லை.

"யாருமே வராத எடத்துக்குக் கட்டடம் எதுக்குங்க? காலி பண்ணிக் குடுங்க, உரமூட்டை அடுக்கணும்" என்று பஞ்சாயத்துத் தலைவர் சொல்லிவிட்டார். மனு மேல் மனு கொடுத்துப் பார்த்தார்கள். பதிலே இல்லை.

குள்ளம்மாள் ஒருத்தர்தான் செவ்வாய் தவறாமல் வந்தார். முதல் பஸ்ஸில் இறங்கி, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சில்லிட்ட தரையில் நடந்து கோடியிலிருந்த நடுகல்லுக்கு நேரே போய்விடுவார். வில்லேந்திய வீரன் செதுக்கிய கல். அரைமணி நேரம் அசையாமல் நின்றுவிட்டு, பதிவேட்டில் கைநாட்டு வைத்துவிட்டுப் போவார்.

"படிக்காத பொம்பளைக்கு சரித்திரத்து மேல எவ்ளோ ஆசை பாருங்க வாத்தியாரே" என்று சுபான் உருகிப்போவார்.

அன்றும் குள்ளம்மாள் கல்லின் முன் நின்றுகொண்டிருந்தபோது தலைவர் பூட்டோடு வந்து நின்றார்.

"ஆள் வருதுங்க தலைவரே. இந்தம்மா எந்தப் பனியிலயும் வர்றாங்க, பாருங்க" என்று சுபான் கெஞ்சினார்.

"ஒத்த ஆளுக்காக நான் கட்டடத்தை வுட்டுட முடியுங்களா?"

ராஜாமணி பதிவேட்டை மூடி வைத்தார். தலைவர் கதவை இழுத்தார்.

குள்ளம்மாள் ஓடிவந்து அவர் காலில் விழுந்துவிட்டார். "பூட்டிடாதீங்கய்யா! அப்புறம் நான் எப்பிடிங்க பாக்கறது?" என்று கதறி அழுதார்.

தலைவர் பதறிப்போய்ப் பின்வாங்கினார். எழச் சொல்லிப் பார்த்தார், குள்ளம்மாள் எழவில்லை.

"சரிம்மா, சரி. சித்திரை வரைக்கும் பூட்டல. போதுமா? எந்திரி மொதல்ல" என்று சொல்லிவிட்டுப் பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சுபான் சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிர்க்கடையிலிருந்து தானே டீ வாங்கி வந்து குள்ளம்மாளிடம் நீட்டினார்.

"நாங்க ரெண்டு வருசமா பட்ட பாடு வீணாகாம இன்னிக்கு நீங்கதாம்மா காப்பாத்துனீங்க. உங்களுக்கு என்ன வேணும், கேளுங்க. எங்களால ஆனதைச் செய்யறோம்."

குள்ளம்மாள் டம்ளரை வாங்கவில்லை. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோடியிலிருந்த வில்வீரன் கல்லைக் காட்டி மெல்லக் கேட்டார்.

"எங்க வேடியப்பன் சாமிய எப்பங்க ஊருக்கு வுடுவீங்க?"