ஓசி சவாரி

"எழுபது தாண்டின அந்தம்மாவை டிரைவரா வெச்சுக்கிட்டு ஓசி சவாரி போறியே, வெட்கமா இல்ல உனக்கு?"

காபிக் கோப்பையை ணங்கென்று வைத்துவிட்டுக் கேட்டாள் ட்ரூடி. மிசௌரி மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில் அவளுடையதுதான் ஒரே காபிக் கடை. அவள் காதில் விழும் எதுவும் மதியத்துக்குள் ஊரைச் சுற்றி வந்துவிடும்.

கர்ட்டிஸ் பதறிப்போய் ஜன்னல் வழியாகப் பார்த்தான். எதிரே பெட்ரோல் பங்க்கில் பக்கத்து வீட்டு வெர்னா தன் பழைய காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவாப் பேசுங்க ட்ரூடி!"

"ஏன் மெதுவாப் பேசணும்? குடிச்சிட்டு ஓட்டி லைசென்ஸைப் பறிகொடுத்தே. பக்கத்து வீட்டுப் பையனாச்சேன்னு அவங்க தினமும் ஃபேக்டரியில கொண்டு விட்டு, கூட்டிட்டும் வர்றாங்க. சரி. ஆனா வேலைக்குப் போய்வர மட்டும் நீயே ஓட்டலாம்னு கோர்ட்ல அனுமதி கொடுத்துட்டாங்களாமே? அவங்ககிட்ட சொன்னியா?"

"சொல்லல."

"நான் சொல்றேன். வரட்டும் உள்ள!"

"ஐயோ, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வேணாம்!" கர்ட்டிஸ் கையெடுத்துக் கும்பிடாத குறை. "வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் அவங்க வாசலைத் தாண்டினதே இல்ல. எனக்காக வண்டி எடுத்த முதல் நாள் நைட்டியோடதான் வந்தாங்க. இப்ப பாருங்க, லிப்ஸ்டிக்! நானே ஓட்டிக்கிட்டுப் போனா மறுபடியும் கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்துடுவாங்க."

ட்ரூடி எட்டிப் பார்த்தாள். லிப்ஸ்டிக் மட்டுமா, முடியைக்கூடச் சுருட்டி விட்டிருந்தாள் வெர்னா. ட்ரூடிக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

"சரி, சரி. போய்க் கையைக் கழுவு."

அவன் அந்தப் பக்கம் போக, வெர்னா உள்ளே வந்தாள். ட்ரூடியால் சும்மா இருக்க முடியவில்லை.

"தினமும் அவனை ஏத்தி இறக்குறது உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

வெர்னா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உன்கிட்ட மட்டும் சொல்றேன். அவனே ஓட்டலாம்னு கோர்ட்ல சொல்லியாச்சு. சர்ச்ல என் பக்கத்துல நின்னு பாடுறவ அந்தக் கோர்ட்லதான் வேலை பார்க்கிறா."

"தெரிஞ்சுமா ஓட்டுறீங்க?"

"ஃபேக்டரியிலேர்ந்து வர்ற வழியில ரெண்டு பார் இருக்குடி! அவன் தனியா வந்தா வண்டி தானாத் திரும்பும். ஒரு தடவை திரும்பினா போதும், இருக்கிற அனுமதியும் போயிடும். நல்லவேளை, பய சோம்பேறி. அதான் அவனா வாயைத் திறக்கல. எனக்குத் தெரியும்னு சொல்லிடாதே, கூனிக் குறுகிடுவான்."

கர்ட்டிஸ் திரும்பி வந்தான். காரில் இன்று யார் பாட்டு வைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டே இருவரும் கிளம்பிப் போனார்கள். ட்ரூடி வாசலிலேயே நின்று, கார் மறையும்வரை சிரித்துக்கொண்டிருந்தாள்.

பின்னாலிருந்து தபால்காரர் கேட்டார்.

"ஏன் ட்ரூடி, கர்ட்டிஸுக்கு வண்டி ஓட்ட அனுமதி கிடைச்சிருச்சாமே, நிஜமா?"

"எவன் சொன்னான்?" ட்ரூடி சீறினாள். "சே! இந்த ஊர்ல ஒருத்தருக்காவது வாயை அடக்கத் தெரியுதா பாருங்க!"