வண்டி ஏன் இங்கயே நிக்குது?

"மைனஸையும் மைனஸையும் பெருக்கினா..." டீச்சர் வாயைத் திறந்ததுதான் தாமதம்.

"கையை நல்லா சோப்பு போட்டுக் கழுவுங்க! ஜன்னலைத் திறந்து வைங்க! மாத்திரை போட்டாச்சா?"

ஜன்னலுக்கு வெளிய சுகாதாரத்துறை வண்டி. தெரு முழுக்க ஊர்வலம் போற மாதிரி மெதுவாப் போகும், எங்கயும் நிக்காது. டீச்சர் வீட்டு வாசல் வந்தா மட்டும் மாமியார் வீடு வந்த மாதிரி நின்னுடும். சத்தம் வேற இன்னும் ஏறும்.

லேப்டாப்புல ஒரு பையன், "போட்டாச்சு டீச்சர்"னான். மொத்த வகுப்பும் சிரிச்சுது.

தொற்று வந்ததுல இருந்து பள்ளிக்கூடம் படுக்கையறைக்குள்ள வந்துடுச்சு. வண்டியும் கூடவே வந்துடும்போல. டீச்சர் மாஸ்க்கை மாட்டிக்கிட்டு வாசலுக்கு ஓடினாங்க.

"ஏம்மா, ஊர்ல வேற வீடே இல்லையா? தினமும் என் கணக்கு வகுப்புதான் கிடைச்சுதா?"

மைக் பிடிச்சிருந்த அம்மா விரலை உதட்டுல வெச்சாங்க. "ஒரு நிமிஷம் மேடம்."

"என்னது, நீங்க என்னைச் சத்தம் போடாதேங்கறீங்களா?"

மாடியில இருந்து டக், டக்னு கேட்டுது. மேல் வீட்டுப் பெரியவர் கைத்தடியால தரையை இடிக்கிற சத்தம்.

"கேட்டுக்கோங்க. காது மந்தமான மனுஷன், அவருக்கே பொறுக்கல. எப்படித் திட்டுறாரு பாருங்க."

மைக்கம்மா முகத்துல ஒரு சிரிப்பு. மாஸ்க்கைத் தாண்டி கண்ணுல தெரிஞ்சுது. "ஆமா மேடம், இன்னைக்கு நல்லாவே திட்டுறாரு. சந்தோஷம்."

வண்டி கிளம்பிடுச்சு. டீச்சருக்கு ரத்தம் கொதிச்சுது.

"திட்டினா சந்தோஷமாம். இது என்ன ஜென்மம்?"

"நீ, நான், மேல் வீட்டுக்காரர். இன்னும் ஒருத்தர் சேர்ந்தா கட்சியே ஆரம்பிச்சுடலாம்"னாரு டீச்சரோட வீட்டுக்காரர், வெங்காயம் உரிச்சுக்கிட்டே.

சாயந்திரம் ஹெட்மாஸ்டர் போன் பண்ணாரு. "டீச்சர், உங்க கணக்கு வகுப்புல கணக்கைத் தவிர எல்லாம் கேக்குதாம். பெத்தவங்க பிடுங்கி எடுக்குறாங்க. நாளைக்கு நானே உட்கார்ந்து பாக்கப் போறேன். சத்தம் வந்துதுன்னா வகுப்பு வேற ஆளுக்குத்தான், என்னைத் தப்பா நினைக்காதீங்க."

இருக்குறது ஒரே வேலை. வீட்டுக்காரர் கடை மூடினதுல இருந்து வெங்காயம்தான் உரிக்கிறாரு. டீச்சர் சுகாதார ஆபீசுக்கு போனைப் போட்டு, கணக்குல இருக்குற மொத்த மைனஸையும் அங்க கொட்டினாங்க.

"சரிங்கம்மா, நாளைல இருந்து வண்டி உங்க தெருவுக்குள்ளயே வராது. ஆளை விடுங்க"ன்னாங்க அங்க.

மறுநாள் தெரு அமைதியா இருந்துச்சு. லேப்டாப் திரையில ஒரு கட்டத்துக்குள்ள ஹெட்மாஸ்டர் உட்கார்ந்து தலையாட்டிக்கிட்டு இருந்தாரு. டீச்சர் குரல் தேனா ஓடிச்சு.

அப்ப ஜன்னல் கம்பிக்கு வெளிய மைக்கம்மா. மைக் இல்லாம, நடந்தே வந்திருந்தாங்க.

டீச்சர் லேப்டாப் மைக்கை அணைச்சுட்டுப் பல்லைக் கடிச்சாங்க. "இப்ப நேர்லயே வந்து கத்தப் போறீங்களா?"

"இல்ல மேடம். மேல இன்னைக்குத் தட்டுற சத்தம் கேட்டுதா?"

"வண்டியே வரல, அவரு எதுக்குத் தட்டணும்?"

"வண்டிக்குப் பதில் சொல்லத்தான் மேடம் தட்டுவாரு. தொற்று வந்து தனியாப் படுத்திருக்காரு, பொண்ணு வேற ஊர்ல மாட்டிக்கிச்சு. போன் அடிச்சாலும், கதவைத் தட்டினாலும் காதுல விழாது. ஸ்பீக்கர் சத்தம் மட்டும்தான் கேக்கும். மாத்திரை போட்டாச்சான்னு கேப்பேன், தடியால தட்டுவாரு. தட்டினாத்தான் நான் போவேன்."

"இதை நேத்தே சொல்றதுக்கென்ன?"

"கீழ் வீட்டுல பயந்துடுவாங்க, சொல்லாதேன்னு கும்பிட்டுக் கேட்டுக்கிட்டாரு. இப்ப வேற வழியில்ல. காலையில கதவு கிட்ட வெச்ச சாப்பாடு அப்படியே இருக்கு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கேன், எப்ப வரும்னு தெரியல. அவரு கட்டில் உங்க ரூமுக்கு நேர் மேலதான் மேடம், காதுல விழலன்னாலும் கட்டில் அதிர்ந்தா தெரியும்."

டீச்சர் மேல பாத்தாங்க. ஃபேன் சுத்திக்கிட்டு இருந்துச்சு.

மூலையில ஒட்டடைக் கம்பு இருந்துச்சு. எடுத்தாங்க. நாற்காலி மேல ஏறி, கூரையில ஓங்கி இடிச்சாங்க. டக், டக்.

மேல ஒண்ணும் இல்ல.

சுண்ணாம்பு உதிர்ந்து லேப்டாப் மேல கொட்டுற அளவுக்குத் திரும்ப இடிச்சாங்க. லேப்டாப்புல பிள்ளைங்க கசகசன்னு பேச ஆரம்பிச்சுதுங்க. டீச்சர் மைக்கைப் போட்டு, "எல்லாரும் வாயை மூடுங்க. சார், நீங்களும்தான்"னாங்க.

ஹெட்மாஸ்டரோட வாய் திறந்தபடியே நின்னுச்சு.

ரொம்ப நேரம் கழிச்சு, மேல இருந்து மெதுவா ஒரு டக். அப்புறம் இன்னொண்ணு.

ஜன்னலுக்கு வெளிய மைக்கம்மா கம்பியைப் பிடிச்சுக்கிட்டே கீழ உட்கார்ந்துட்டாங்க.

ஹெட்மாஸ்டருக்கு இப்பத்தான் குரல் வந்துது. "வண்டியை நிறுத்தியாச்சுன்னு சொன்னீங்களே டீச்சர், அப்புறம் யாரு இந்தச் சத்தம் போடுறது?"

"நான்தான் சார்"னாங்க டீச்சர், கம்பை இறக்காம. "நாளைக்கும் போடுவேன்."