கூரையில் ஒரு துளைகூட

"கூரையில ஒரு துளை விழுந்தாலும், அடுத்த வருஷமும் நீ பெஞ்சுதான் தூக்குவே."

வங்காள மொழியில் இப்படிச் சொல்லிவிட்டு, கிளப் செயலாளர் தபன்தா ஹரிஷங்கரின் கையிலிருந்த டிரில்லிங் மெஷினை வாங்கிக் கொண்டு போனார்.

ஹரி வருத்தப்படவில்லை. 2002 துர்கா பூஜையில் சீரியல் செட் போடுகிறேன் என்று அவன் தட்டிய ஒரே ஸ்விட்சில் கல்கத்தா டாக்குரியாவின் நான்கு தெருக்கள் இருண்டன. அன்றிலிருந்து, பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படிக்கும் அவனுக்குக் கிளப்பில் ஒதுக்கப்பட்ட துறை பெஞ்சு. இந்த வருஷம் தப்பில்லாமல் முடித்தால் விளக்குக் கமிட்டியில் இடம் உண்டு.

வேலை இதுதான். பந்தல் வாசலில் நிற்கும் அம்பாசடரின் கூரைக் கேரியரில் நான்கு ஃபாக் லைட், நடுவில் ஒரு சுழல்விளக்கு. வயர் யார் கண்ணிலும் படக்கூடாது. ஐந்து மணிக்குப் பந்தல் போட்டி நடுவர்கள் வருகிறார்கள்.

அந்த வண்டியின் முன்னால் யாருக்கும் குரல் தானாகத் தணிந்தது. இளம்பழுப்பு உடம்பு, உருண்டை முகப்பு, ஒரு கீறல் கிடையாது. ரிக்‌ஷாக்காரர்கள் இறங்கி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். போர்ட் டிரஸ்டில் இருபது வருஷமாகக் கப்பல்களைப் பார்த்தே சலித்துப்போன அப்பா அனந்தகிருஷ்ணன், காலையில் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு அதைச் சுற்றி வந்தார். கோயிலில்கூட அவர் இவ்வளவு நிதானமாகச் சுற்றியதில்லை.

மூன்று மாதமாக அந்த வண்டியோடு வாழ்ந்தவர் தபன்தா. அவருடைய சட்டங்கள் அதிகம். கதவில் சாயக்கூடாது. பானெட்டைத் தொடக்கூடாது, பாட்டரி சீட்டுக்கு அடியில் இருக்கும். சால்டரிங் சூடு பத்தடிக்குள் வரக்கூடாது. டேப் ஒட்டினால் மேல்பரப்பு பெயர்ந்து வருமாம். அதனால் அவரே காய்ச்சிய பசையை ஒரு கிண்ணத்தில் கொடுத்திருந்தார். நான்கு சக்கரங்களையும் சுற்றி எறும்புச் சாக்பீஸால் கோடு போட்டிருந்தது. அதை மிதிக்கவே கூடாது.

"எறும்பு வயரையாடா கடிக்கும்?" என்றாள் டார்ச் பிடித்துக்கொண்டிருந்த அக்கா தமயந்தி. தம்பி மறுபடியும் தெருவை இருட்டாக்குவதை நேரில் பார்ப்பதற்காகவே வங்கியில் அரை நாள் லீவு போட்டிருந்தாள்.

"தபன்தா சொன்னா காரணம் இருக்கும்க்கா."

"அப்பா சொன்னா மட்டும் இருக்காது, இல்லே?"

ஹரி இரண்டு பக்கமும் உயரமான ஸ்டூல் போட்டு, நடுவில் பலகை வைத்து, கூரையைத் தொடாமல் அதன் மேல் குப்புறப் படுத்தான். சீட்டுக்கு அடியிலிருந்து கிளம்பிய வயரை முன்கண்ணாடி ஓரத்தின் உட்புறமாக ஏற்றி, கதவின் மேல் இடுக்கு வழியாக வெளியே எடுத்தான். மழைத்தண்ணீர் வழிந்தோட அம்பாசடரின் கூரை ஓரத்தில் ஒரு காடி உண்டு. அதற்குள் வயரைப் படுக்கவைத்து, விரலால் பசை தடவி, அங்குலம் அங்குலமாகக் கேரியரின் கால்வரை கொண்டுபோனான். மூச்சைக்கூடத் திரும்பிப் படுத்து வேறு பக்கம்தான் விட்டான்.

தமயந்தி டார்ச்சை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டினாள். வயர் எங்கே நுழைந்தது, எங்கே போனது என்று தெரியவில்லை. கேலிக்குத் தயாராக வைத்திருந்த வாய் சற்று நேரம் திறந்தபடியே இருந்தது.

"நீயாடா பண்ணினே?"

நாலரைக்கு நான்கு சொட்டுத் தூறல் விழுந்தது. தபன்தாவின் முகம் வெளுத்தது. கிளப்பே தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கி ஓடிவந்தது. உள்ளே துர்கையின் தலைக்கு மேல் ஒழுகுகிறது என்று பூசாரி கூப்பிட்டதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. நல்லவேளை, மழை யோசித்து நின்றுவிட்டது.

சரியாக ஐந்துக்குத் தலைமை நடுவர் வந்தார். ஓய்வு பெற்ற பேராசிரியர். இதுவரை எந்தப் பந்தலையும் பார்த்துச் சிரித்ததில்லை என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

ஹரி கண்ணை மூடிக்கொண்டு ஸ்விட்சைத் தட்டினான்.

நான்கு ஃபாக் லைட்டும் எரிந்தன. சுழல்விளக்கு சுழன்று, கூட்டத்தின் முகங்களை ஒவ்வொன்றாகச் சிவப்பாக்கிவிட்டுப் போனது. ஹரி கண்ணைத் திறந்து முதலில் தெருவைப் பார்த்தான். தெருவிளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

நடுவர் வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார், எம்பிப் பார்த்தார்.

"வயர் எங்கேப்பா? துளையே போடலையா?"

"ஒண்ணுகூட இல்லை சார்," என்றான் ஹரி. தபன்தாவின் கை முதல்முறையாக அவன் தோளில் வந்து உட்கார்ந்தது.

நடுவருக்கு நம்பிக்கை வரவில்லை. கையை உயர்த்தி, கூரையின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை ஒடித்தெடுத்து, வாயில் போட்டு மென்றார்.

"மாரி பிஸ்கட்டா?"

"கதவு, பானெட் எல்லாம் மாரிதான் சார்," என்றார் தபன்தா, துளையைப் பார்க்காமல். "கூரை மட்டும் கிரீம் கிராக்கர்."