கம்ப்யூட்டருக்கு வந்த ஹீட்டர்

"புள்ளைங்க எடத்தைப் புடுங்கி மெஷினுக்குக் குடுத்திருக்காரே, இவரெல்லாம் ஒரு மனுசனா?"

பாஞ்சாலை கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. எண்பத்தாறில் அந்தத் தேயிலை எஸ்டேட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. ஆபீசில் இடமில்லை என்று சொல்லி, கணக்கு எழுதும் கிராணி நாகரத்தினம் அதைக் கொண்டுபோய் வைத்தது எங்கே தெரியுமா? ஆயாக்கொட்டகையின் உள்ளறையில். தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற கொட்டகை அது.

நல்ல இடம் பார்த்தாரய்யா!

பிள்ளைகள் எல்லாம் முன்னறையில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். கேமரன் மலைக் குளிரைச் சொல்லவா வேண்டும்? கூரை ஒழுகி, சிமெண்டுத் தரை எப்போதும் ஈரம். பாஞ்சாலையின் குழந்தைக்கு மூச்சிழுப்பு வேறு. "இனி ஈரத்துல போட்டீன்னா புள்ளை தங்காதும்மா" என்று ரிங்லெட் டவுன் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. வேலையை விட்டால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டையும் விடவேண்டும். பாவம், அவள் எங்கே போவாள்?

ஒரே வாரத்தில் உள்ளறைக்கு ராஜயோகம் அடித்தது. கூரைக்குப் புதுத் தகரம், சுவருக்குப் பலகை. லோரியில் கரண்டு ஹீட்டர் வந்து இறங்கியது. கதவில் ஒரு போர்டு: 'கம்ப்யூட்டர் அறை. உள்ளே வரக்கூடாது.'

"மெஷினுக்கு ஹீட்டர் கேக்குதாம்லா!" என்று கூடக் கொழுந்து பறிக்கும் இராசம்மா காறித் துப்பினாள்.

எஸ்டேட் மேனேஜர் துரை ஹீட்டரைப் பார்க்க வந்த அன்று, பாஞ்சாலை கிராணியை வழிமறித்தாள்.

"ஐயா, எம்புள்ளையை மட்டுமாச்சும் அந்த ரூம்ல ஒரு ஓரமா..."

கிராணி துரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளிடம் சீறினார். "போர்டு கண்ணுக்குத் தெரியல? போ, போய் வேலையைப் பாரு!"

அவள் அழுதுகொண்டே மலையேறினாள்.

மறுநாள் பேய்மழை. பாஞ்சாலைக்கு மனசு கேட்கவில்லை. கூடையைப் போட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடினாள்.

முன்னறை காலி. ஒரு பிள்ளையைக் காணோம்.

"செல்லம்மாக்கா! எம்புள்ளை எங்கக்கா?"

ஆயா செல்லம்மா உதட்டில் விரலை வைத்து, போர்டு தொங்கிய கதவைக் காட்டினாள்.

பாஞ்சாலை கதவைத் தள்ளினாள். கதகதவென்று சூடு முகத்தில் அடித்தது. பாயில் பிள்ளைகள் எல்லாம் நல்ல தூக்கம். ஹீட்டர் பக்கத்தில் அணைத்துணிகள் காய்ந்தன. துணித்தொட்டிலில் அவள் குழந்தை, இழுப்புச் சத்தமே இல்லாமல் தூங்கியது. மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் கிராணி. ஒரு கையால் எழுத்தைத் தட்டிக்கொண்டு, மறுகையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"கதவைச் சாத்தும்மா, குளிர் உள்ள வருது. துரை இல்லாதப்ப எல்லாரும் இங்கதான்."

பாஞ்சாலை கதவைச் சாத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐயா... ஆபீஸ்ல எடமில்லைன்னீங்களே?"

"எடத்துக்கு என்னம்மா, தாராளமா இருக்கு." கிராணி குரலைத் தாழ்த்தினார். "புள்ளைங்களுக்குக் குளிருது, ஹீட்டர் குடுங்கன்னு வருசக்கணக்கா கேட்டேன், துரை காதுலயே வாங்கல. கம்ப்யூட்டருக்குக் குளிருதுன்னு ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்!"